இடம் தந்த வினாக்கள்: தென்சென்னையின் விஞ்ஞான ஆராய்ச்சி

விஞ்ஞானத்துக்கு ஊரும் இல்லை, தேசமும் இல்லை என்பது பள்ளிப் பருவத்திலிருந்தே நாம் கேட்டுப் பழகிய வாக்கியம். கேம்பிரிட்ஜில் உண்மையான சூத்திரம் கிண்டியிலும் உண்மைதான், அதில் ஐயமில்லை. ஆயினும், அந்தச் சூத்திரத்தை நாடிச் சென்ற வினா எங்கே பிறந்தது, அதை ஆராய வேண்டிய பொருளை யார் கொடுத்தார்கள், ஆராய்ந்தவரை இடமும் ஊதியமும் ஊக்கமும் தந்து தாங்கியவர்கள் யார் என்று கேட்கத் தொடங்கினால், ஊரின் பெயரைச் சொல்லாமல் விடை கூற இயலாது.

மயிலாப்பூரிலிருந்து புறப்பட்டு, மந்தைவெளியைக் கடந்து, அடையாற்றுப் பாலத்தைத் தாண்டி, சர்தார் படேல் சாலை வழியாகக் கிண்டியை நோக்கிச் செல்லும் ஒருவர், சில மைல் தூரத்துக்குள் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தையும், மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தையும், இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தையும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தையும் காண்பார். மத்திய கைலாசத்தருகே தெற்கே பிரிந்து தரமணிக்குச் சென்றாலோ, கணித விஞ்ஞானத்துக்கு ஒரு ஸ்தாபனம், கட்டடப் பொறியியலுக்கு ஒரு ஸ்தாபனம், வேளாண்மைக்கும் சுற்றுச்சூழலுக்கும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் என்று வரிசை நீளும். ஆட்டுத்தோலும் அடிப்படைத் துகள்களும், மார்புப் புற்றும் சதுப்பு நிலத் தாவரமும், ஒன்றோடொன்று யாதொரு சம்பந்தமும் இல்லாதவை போல் தோன்றும் இத்தனை வினாக்கள் ஒரே பிரதேசத்தில் குடியேறியது எப்படி என்பதே இக்கட்டுரையின் விசாரணை. அரசாங்கம் இங்கே நிலம் ஒதுக்கிற்று என்பது ஒரு விடை, அது உண்மையே. ஆனால் நிலம் ஒதுக்கினால் கட்டடம் எழுமேயன்றி ஆராய்ச்சி எழாது. ஓர் இடம் விஞ்ஞானத்துக்குத் தரக்கூடியவற்றைப் பொருள், மக்கள், மண், கூடம் என நான்காகப் பகுக்கலாம் என்றும், இந்நகரம் அந்நான்கையும் வெவ்வேறு விகிதத்தில் தந்ததனாலேயே இந்தப் பன்மை விளைந்தது என்றும் எனக்குத் தோன்றுகிறது.

முன்வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1792-ஆம் ஆண்டில் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஒரு வானாய்வுக்கூடம் அமைத்தனர். அதன் கருவியைத் தாங்கிய கருங்கல் தூணில் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பொறித்த சாசனம் இன்றும் நிற்கிறது. 1802-ஆம் ஆண்டு ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலையருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளத்துக்கு எஃகுச் சங்கிலி பிடித்து அளந்த அடிக்கோடே, பின்னர் இமயம் வரை சென்ற மாபெரும் நில அளவையின் முதற்கோடாயிற்று. கப்பல் வழியும் நிலவரியும் கருதித் தொடங்கிய இந்த முயற்சிகளில் நம்மவர் பெரும்பாலும் உதவியாளராகவே இருந்தனர். அவர்களுள் தலைநிமிர்ந்து நின்றவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி; 1867-ஆம் ஆண்டில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்து, 1872-இல் லண்டன் ராயல் வானியல் சங்கத்தின் உறுப்பினராகி, 1874-ஆம் ஆண்டில் வெள்ளி சூரியனைக் கடந்த அபூர்வ நிகழ்ச்சியைப் பாமரருக்கும் விளக்க ஆங்கிலத்தோடு நில்லாமல் இந்திய மொழிகளிலும் நூல் வெளியிட்டவர் அவர்.

இனி, பொருளைப் பற்றிப் பேசுவோம். வட ஆர்க்காட்டின் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களிலும், சென்னையை ஒட்டிய பல்லாவரம், குரோம்பேட்டைப் பகுதிகளிலும் தோல் பதனிடுவது நெடுநாளைய தொழில். சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து மயிர் நீக்கிய தோலை ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய் நீரிலும் பலநாள் கிடத்திப் பதனிட்டுக் கப்பலேற்றிய வியாபாரிகளுக்கு, தோலுக்குள் என்ன நிகழ்கிறது என்ற தத்துவம் தெரிய வேண்டிய அவசியம் இருக்கவில்லை. குரோமிய உப்பினால் பதனிடும் முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்துக்கு வந்தது. அம்முறையைக் கைக்கொண்ட ஒரு கம்பெனியின் பெயரே குரோம்பேட்டைக்கும் நிலைத்தது. நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டான 1948-இல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தை அடையாற்றில் நிறுவ முடிவு செய்தவர்கள், இந்தத் தொழிலின் அருகாமையைக் கருதியே அவ்வாறு செய்தனர்.

தோல் என்பது வேதியியல் நோக்கில் பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம். நீரில் சூடேற்றினால் பச்சைத்தோல் ஏறத்தாழ அறுபது டிகிரி செல்சியசைக் கடக்கும்போதே சுருங்கிக் குறுகிவிடும். குரோமியத்தால் பதனிட்ட தோலோ கொதிநீரையும் தாங்கும். புரத இழைகளுக்கிடையே குரோமியம் புதிய பிணைப்புகளை உண்டாக்குவதே அதற்குக் காரணம். அப்படியானால், அந்த இழைகள் எவ்வாறு அமைந்திருக்கின்றன? 1950-களின் தொடக்கத்தில் இவ்வினாவுக்கு உலகில் எவரிடமும் திட்டமான விடை இல்லை. 1952-ஆம் ஆண்டில், முப்பது வயதைத் தொட்டும் தொடாமலும் இருந்த ஜி. என். ராமச்சந்திரன், நீண்டகாலம் துணைவேந்தராக இருந்த ஏ. லட்சுமணசாமி முதலியாரின் ஆதரவில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். அக்காலத்தில் சென்னைக்கு வருகை தந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே. டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் தீராத புதிராகவே இருக்கிறது என்று குறிப்பிட்டது ராமச்சந்திரன் மனத்தில் பதிந்தது. எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கத் தூய மாதிரி வேண்டுமே. கங்காருவின் வால் தசைநாணிலிருந்து எடுத்த நல்ல கொலாஜன் அவருக்குக் கிடைத்தது அண்டையிலிருந்த தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்துதான்.

அந்த மாதிரியைக் கொண்டு, ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ஆம் ஆண்டில் 'நேச்சர்' பத்திரிகையில் வெளியிட்ட விடை இது: கொலாஜன் மூன்று புரிகளால் ஆனது; ஒவ்வொரு புரியிலும் மூன்றுக்கு ஒன்று வீதம் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் வந்தே தீரவேண்டும்; ஏனெனில், மூன்று புரிகளும் நெருங்கும் அச்சுப் பகுதியில் அதைவிடப் பெரியதற்கு இடமில்லை. மறு ஆண்டில், அம்மூன்று புரிகளும் ஒன்றையொன்று சுற்றி மேலும் முறுக்கிக்கொள்கின்றன என்று அவ்வமைப்பைத் திருத்திச் செப்பனிட்டனர். அப்போதுதான் கேம்பிரிட்ஜிலிருந்து பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் ஓர் ஆட்சேபம் எழுப்பினர்: இந்த அமைப்பில் சில அணுக்கள் இயற்கை அனுமதிக்கும் தூரத்தைவிட நெருக்கமாக நிற்கின்றன, ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையும் மிகுதி என்பது அவர்கள் வாதம். பிணைப்புகளைப் பொறுத்தமட்டில் பிற்காலத்தார் பெரும்பாலும் அவர்கள் பக்கமே தீர்ப்புக் கூறினர்.

ஆனால் ராமச்சந்திரன் அந்த ஆட்சேபத்தோடு வாதாடி ஓய்ந்துவிடவில்லை. இரண்டு அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்று அதுவரை வெளிவந்த படிக அமைப்புகளையெல்லாம் புரட்டி ஆராயத் தொடங்கினார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு சுழற்சிக் கோணங்கள் உண்டு. அவ்விரண்டையும் குறுக்கும் நெடுக்குமான அச்சுகளில் வைத்து, அணுக்கள் மோதிக்கொள்ளாத கோணச் சேர்க்கைகளை மட்டும் குறித்தால், பெரும்பகுதி வெற்றிடமாகவும் சில தீவுகள் மட்டுமே அனுமதிக்கப்பட்டனவாகவும் அமையும் ஒரு படம் கிடைக்கிறது. சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் அவர் 1963-இல் வெளியிட்ட அந்தப் படம் 'ராமச்சந்திரன் படம்' என்ற பெயரோடு உலகப் பாடநூல்களில் ஏறியது. இன்று எந்த நாட்டில் எவர் ஒரு புரதத்தின் அமைப்பை நிர்ணயித்தாலும், அது சரிதானா என்று சோதிக்க இப்படத்தின் மேல் அதை வைத்துப் பார்ப்பது வழக்கம். தோல் வியாபாரத்தின் பொருட்டு எழுந்த ஒரு ஸ்தாபனத்தின் மாதிரியிலிருந்து, உயிரியல் முழுமைக்கும் பொதுவான ஒரு விதி பிறந்த வரலாறு இது. பிரயோக விஞ்ஞானம் உள்ளூருக்கு, தூய விஞ்ஞானம் உலகுக்கு என்று நாம் போட்டு வைத்திருக்கும் கோடு இங்கே அழிந்துபோகிறது.

இரண்டாவதாக, மக்கள். சேத்துப்பட்டில் 1956-ஆம் ஆண்டில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னை அரசும் உலக சுகாதார ஸ்தாபனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து க்ஷயரோக மருந்துச் சிகிச்சை மையம் ஒன்றைத் தொடங்கின. அக்காலத்து மருத்துவ சித்தாந்தப்படி, க்ஷயரோகிக்குச் சானடோரியத்தின் நல்ல காற்றும் பூரண ஓய்வும் சத்துணவும் இன்றியமையாதவை. ஆனால் நாட்டிலிருந்த படுக்கைகளோ நோயாளிகளின் தொகைக்கு முன் ஒரு பொருட்டே அல்ல. ஆதலால் மையத்தார், நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதையொத்த முறையில் இரு பிரிவாக்கி, ஒரு சாராரைச் சானடோரியத்தில் வைத்தும், மறு சாராரை அவரவர் நெருக்கடியான வீடுகளிலேயே இருக்கவிட்டும், இருசாராருக்கும் ஐசோனியசிட், பாஸ் என்ற இரு மருந்துகளையும் ஓராண்டு கொடுத்துவந்தனர்.

1959-ஆம் ஆண்டில் வெளியான முடிவு மருத்துவ உலகத்தைத் திகைக்க வைத்தது. வீட்டிலிருந்தோர் குறைவாக உண்டனர், வேலைக்கும் சென்றனர், காற்றோட்டமில்லாத அறைகளில் வாழ்ந்தனர். ஆயினும் அவர்கள் குணமடைந்த அளவு சானடோரியத்தில் இருந்தோருக்குப் பெரிதும் குறைந்ததாக இல்லை. அதனினும் முக்கியமாக, வீட்டில் உடன் வாழ்ந்த உறவினருக்கு அதனால் நோய் அதிகமாகத் தொற்றவுமில்லை. குணப்படுத்தியது ஒழுங்காக உட்கொண்ட மருந்தே என்பது பிரத்தியட்சமாயிற்று. க்ஷயரோகத்துக்கு ஊருக்கு வெளியே மாளிகை கட்டும் கொள்கை உலகெங்கும் கைவிடப்பட்டதற்கு இந்த ஆராய்ச்சி பெருங்காரணம். இப்படிப்பட்ட ஒரு சோதனையைப் படுக்கைக்குப் பஞ்சமில்லாத ஒரு தேசம் செய்திருக்குமா என்பது ஐயமே. வினா எழுந்தது நம் வறுமையிலிருந்து.

அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்தின் கதையும் இவ்வகையைச் சேர்ந்ததே. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு நிதி திரட்டி, 1954-ஆம் ஆண்டில் பன்னிரண்டு படுக்கைகளோடு அதைத் தொடங்கினார், டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதை வளர்த்தனர். சிகிச்சை அளித்ததோடு நில்லாமல், 1980-களின் தொடக்கத்திலிருந்து சென்னை நகரத்துக்கெனப் புற்றுநோய்ப் பதிவேடு ஒன்றை இந்நிலையம் நடத்தி வந்திருப்பது ஆராய்ச்சி நோக்கில் மிக விசேஷமானது. மருத்துவமனைகள் தாமாகவே தகவல் அனுப்பும் என்று காத்திராமல், பதிவேட்டு ஊழியர்களே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகச் சென்று, நோயாளியின் வயது, முகவரி, புற்று தோன்றிய உறுப்பு ஆகியவற்றைக் கேட்டுக் குறித்து, மாநகராட்சியின் மரணக் குறிப்புகளோடும் ஒப்பிட்டு, ஒரே மனிதர் இருமுறை எண்ணப்படாதவாறு சரிபார்க்கின்றனர். கருப்பைவாய்ப் புற்றுக் குறைந்து மார்புப் புற்றுப் பெருகி வருவதை இந்நகரம் அறிந்தது இத்தகைய பொறுமையான எழுத்து வேலையினால்தான்.

மூன்றாவது, மண். பெசன்ட் நகரும் திருவான்மியூரும் கடலோர மணற்பாங்கின் மேல் அமைந்தவை. அங்கே நன்னீர் உப்பு நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ நாற்பது மீட்டர் ஆழம் வரை நன்னீர் தங்கும் என்பது இரு நீர்களின் அடர்த்தி வித்தியாசத்திலிருந்து கிடைக்கும் கணக்கு. இந்தக் கணக்கைத் திருப்பிப் படித்தால் அதன் பயங்கரம் புலப்படும்: ஆழ்துளைக் கிணற்று மோட்டார்கள் மேல்மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால், கீழிருந்து உப்பு நீர் நாற்பது மீட்டர் ஏறிவர இடமுண்டாகிறது. மாடியில் பெய்யும் மழையை மணலுக்குள்ளேயே இறக்கிவிட வேண்டும் என்று வீடு வீடாகச் சொல்லிவந்தவர்களின் முயற்சியால் 2002-இல் மந்தைவெளிப் பகுதியில் மழை மையம் தோன்றியது. 2003-இல் மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு சட்டத்தால் கட்டாயமாக்கிற்று.

எம். எஸ். சுவாமிநாதன் 1988-ஆம் ஆண்டில் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனமும் உப்பு நீரின் வினாவையே வேறொரு முனையில் பற்றியது. பிச்சாவரத்து அலையாத்திக் காடுகளைப் பழைய வனக் கொள்கைப்படி மொத்தமாக வெட்டிய இடங்களில் மண் தாழ்ந்து, தொட்டி போலாகி, தேங்கிய கடல்நீர் வெயிலில் வற்றி, கன்றுகள் பிழைக்க முடியாத அளவுக்கு உப்பு ஏறியிருந்தது. மீன் முள் வடிவத்தில் கால்வாய்கள் வெட்டி, ஓதநீர் நாள்தோறும் வந்து திரும்ப வழி செய்தபோது காடு மீண்டது. அதே அலையாத்தி இனங்கள் உப்பைத் தாங்க உதவும் மரபணுக்களை ஆய்வுக்கூடத்தில் பிரித்தெடுத்து, நெல்லில் சேர்த்துப் பார்க்கும் ஆராய்ச்சியும் தரமணியில் நடந்தது.

இதுவரை சொன்ன மூன்றிலும் வினாவே இவ்விடத்திலிருந்து எழுந்தது. ஆனால் இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால், உள்ளூர்த் தேவையே ஆராய்ச்சியின் ஒரே தாய் என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுவோம். நான்காவதான கூடத்தால் வளர்ந்த கணிதமும் கோட்பாட்டுப் பௌதிகமும் அந்த முடிவை மறுக்கின்றன. அரசியல் நிர்ணய சபையில் பெரும்பங்காற்றிய அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் புதல்வர் அல்லாடி ராமகிருஷ்ணன், பிரின்ஸ்டனிலிருந்து திரும்பிய பின், மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையிலிருந்த தம் குடும்ப இல்லமான 'ஏகாம்ர நிவாஸ்' என்ற வீட்டில் மாணவர்களைக் கூட்டிக் கோட்பாட்டுப் பௌதிகக் கருத்தரங்கு நடத்தத் தொடங்கினார். 1960-ஆம் ஆண்டில் நீல்ஸ் போர் அவ்வீட்டுக்கு வந்தார். அந்தச் சிறு குழுவைக் குறித்து அவர் வியந்து பேசியது பத்திரிகைகளில் வெளிவந்தது. மறு ஆண்டு, அப்போது கல்வி அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியத்தின் ஏற்பாட்டில், சென்னைக்கு வந்த நேரு அந்த மாணவர்களைச் சந்தித்தார். 1962-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் தேதி கணித விஞ்ஞான நிலையம் மாநிலக் கல்லூரியில் தொடக்கவிழாக் கண்டது. அக்கல்லூரியிலேயே படித்து உலகப் புகழ் பெற்ற எஸ். சந்திரசேகர் அந்நிகழ்ச்சியில் பங்குகொண்டார். அடிப்படைத் துகள்களுக்கும் மயிலாப்பூருக்கும் யாதொரு பொருத்தமும் இல்லை. மயிலாப்பூர் தந்தது, கற்றவர்க்குத் திண்ணையும் கூடமும் விட்டுக்கொடுக்கும் ஒரு பழைய பண்பாட்டை.

தியாகராய நகருக்கும் இத்தகைய பங்கு உண்டு. லயோலா கல்லூரியில் பிரெஞ்சுப் பாதிரியார் சார்ல்ஸ் ரசீன் நவீன கணிதத்தைக் கற்பித்த மாணவர்களுள் எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்ரியும் இருவர், பம்பாயில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியபோது அவ்விருவரும் 1965-இல் வெளியிட்ட தேற்றம் இயற்கணித வடிவியலில் நிலைபெற்றது. சென்னைக்குத் திரும்பிய சேஷாத்ரி, 1989-ஆம் ஆண்டில் ஸ்பிக் உர நிறுவனத்தின் ஆதரவோடு தொடங்கிய கணிதப் பள்ளி, பின்னாளில் சென்னைக் கணிதக் கழகமாகிச் சிறுசேரிக்குக் குடிபெயருமுன், துணிக்கடைக்கும் நகைக்கடைக்கும் பேர்போன தியாகராய நகரின் ஜி. என். செட்டி சாலையில்தான் இயங்கிற்று. உர வியாபாரத்தின் லாபத்தில் ஒரு பகுதி, உரத்துக்கு யாதொரு உபயோகமும் இல்லாத தேற்றங்களுக்குச் சென்றது. இதுவும் இடம் தந்த கொடையே.

இந்த நான்கையும் ஒருங்கே வைத்து நோக்கினால், இடத்துக்கு விஞ்ஞானம் பட்ட கடனும் புலப்படும். தோல் தொழில் பெருகிய அதே காலத்தில் பாலாறு பாழாயிற்று. பச்சைத்தோல் அழுகாதிருக்கத் தூவும் உப்பு, ஊறவைக்கும்போது கரைந்து வெளியேறி நிலத்தடி நீரில் கலந்தது. குரோமியமும் உடன் சென்றது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கிற்று. கழிவிலிருந்து குரோமியத்தை மீட்டுத் திரும்பப் பயன்படுத்தும் முறைகளையும், உப்பைக் குறைத்துத் தோலைக் காக்கும் முறைகளையும் தோல் ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்தனர். ஆயினும், தொழிலை வளர்க்கும் ஆராய்ச்சி முதலிலும் அதன் தீங்கைத் தடுக்கும் ஆராய்ச்சி பிந்தியும் வந்த அந்த இடைவெளியின் விலையைக் கொடுத்தவர்கள் ஆற்றங்கரை விவசாயிகள் என்பதை மறக்கலாகாது.

மற்றொரு கடனும் உண்டு. க்ஷயரோக ஆராய்ச்சிக்குத் தம் உடலையே தந்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள், அந்த ஆராய்ச்சியினால் உலகம் என்ன கற்றது என்பதைத் தம் மொழியில் படித்திருப்பார்களா? ரகுநாதாச்சாரி ஒற்றை மனிதராக நின்று செய்த காரியத்தை இத்தனை ஸ்தாபனங்களும் சேர்ந்து செய்திருக்கின்றனவா என்று கேட்பது அபவாதமாகாது. ஆண்டறிக்கைகளும் ஆய்விதழ்களும் ஆங்கிலத்தில் செல்வது தொழில் முறைமை. அதைக் குறை கூற வேண்டியதில்லை. ஆனால் பொருளையும் உடலையும் மண்ணையும் தந்தவர்களுக்குக் கணக்குச் சொல்லும் பொறுப்பு அதனால் தீர்ந்துவிடாது.

பிரதேச ஆராய்ச்சியைத் திட்டமிடுவோர் இரண்டு எதிரெதிரான யோசனைகளை அடிக்கடி முன்வைக்கின்றனர். உள்ளூர்ப் பிரச்சினைகளுக்கு உடனே உதவும் ஆராய்ச்சிக்கே பணம் தரவேண்டும் என்பது ஒன்று. உலகத் தரமே அளவுகோல், உள்ளூரைப் பற்றிய கவலை வேண்டாம் என்பது மற்றொன்று. தென்சென்னையின் அனுபவம் இரண்டையும் பொய்யாக்குகிறது. முதல் யோசனையின்படி நடந்திருந்தால் ராமச்சந்திரன் படமும் லஸ் சர்ச் சாலைக் கருத்தரங்கும் தோன்றியிரா. இரண்டாவதன்படி நடந்திருந்தால், ஏழை வீட்டுக் க்ஷயரோகியைப் பற்றிய வினாவே எழுந்திராது. கங்காரு வாலின் தசைநாண் எந்த விதிக்கு வழிகாட்டும் என்று அதைக் கொடுத்தவரும் அறியார், வாங்கியவரும் அறியார். ஆதலால், பலதரப்பட்ட வினாக்கள் அருகருகே வாழ இடங்கொடுத்து, ஒரு கூடத்தார் மற்றொரு கூடத்தாரிடம் தயக்கமின்றிச் சென்று மாதிரி கேட்கக்கூடிய நிலைமையைக் காப்பாற்றி, கிடைத்த விடையை அவ்வூர் மக்களின் மொழியில் அவர்களிடமே திருப்பிச் சொல்வதுதான் ஒரு பிரதேசம் விஞ்ஞானத்துக்கு வகுக்கக்கூடிய விவேகமான கொள்கை. இவற்றுள் முதலிரண்டையும் இந்நகரம் ஒரு காலத்தில் செவ்வனே செய்து காட்டியிருக்கிறது. மூன்றாவது இன்னும் செய்ய வேண்டிய வேலை.